தனித்து உண்பது பாவமா?

ஜொகூரின் பாசிர் கூடாங் ஆலைகளில் இரவு ஷிஃப்டு முடிந்து பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும் காலை வேளையில், மாசாய் மாமாக் கடைகளில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். எதிரே ஒரு தே தாரிக், மிஞ்சினால் ஒரு ரொட்டி சானாய். வீடு பக்கத்துத் தாமானில்தான். ஆனாலும் உடனே எழுந்து போவதில்லை. சிங்கப்பூர் வேலைக்காக விடியுமுன் பாலத்தைக் கடந்து இருட்டிய பின் திரும்புகிறவர்களிலும் இப்படிச் சிலர் உண்டு. வேலையிடத்தில் மேற்பார்வையாளர், குடிநுழைவில் வரிசை, வீட்டில் பிள்ளைகள். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நேரம் அந்த அரை மணிதான்.

இது தன்னலம் என்று வாதிட நினைப்பவருக்குத் தமிழில் வலுவான சான்றுகள் இருக்கின்றன. சேர்த்து வைத்ததைத் தானே தனியாக உண்பது, பிச்சையெடுப்பதைவிடக் கொடியது என்கிறார் வள்ளுவர். அமிழ்தமே கையில் கிடைத்தாலும் தனித்து உண்ணாத மனிதர்கள் இருப்பதால்தான் உலகம் நிலைத்திருக்கிறது என்று பாடினார் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி; புறநானூற்றின் 182ஆம் பாடல் அது. விருந்தினருக்காக இலை போட்டுக் காத்திருந்த இனத்துக்குத் தனி மேசை உறுத்தத்தான் செய்யும்.

ஆனால் வள்ளுவர் அதை எங்கே சொன்னார் என்று பார்க்க வேண்டும். 229ஆம் குறள் அது. ஈகை அதிகாரத்தில் வருகிறது. இல்லாதவனுக்குக் கொடுக்காமல் பதுக்கி உண்பவனைத்தான் அவர் சாடுகிறார். இரண்டு மூன்று வெள்ளிக்குத் தேநீர் வாங்கிக்கொண்டு மூச்சு வாங்க உட்கார்ந்தவர் யாருடைய பங்கையும் பறிக்கவில்லை.

இன்னொரு பக்கம், இனியது எது என்று முருகன் கேட்டதற்கு ஔவை சொன்னதாக வழங்கும் தனிப்பாடலில் முதலில் வருவதே ஏகாந்தம்தான். அதைவிட இனியது இறைவனைத் தொழுவது, அதைவிட இனியது அறிவுடையோரைச் சேர்வது என்று பாட்டு மேலே போகிறது. அந்த வரிசைதான் முக்கியம். தனிமையில் தொடங்குகிறவர் கடைசியில் மனிதர்களிடமே வந்து சேர்கிறார். அரை மணி தனியாக இருந்துவிட்டு வீட்டுக்குள் நுழையும் அப்பா, பிள்ளை கேட்கும் முதல் கேள்விக்கே எரிந்து விழாமல் இருந்தால், ஔவையின் வரிசையில் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டார்.

தட்டுகள் மோதும், தொலைக்காட்சி அலறும் கடையில் என்ன ஏகாந்தம் என்று கேட்கலாம். திருவண்ணாமலையில் விரூபாட்ச குகையிலும் ஸ்கந்தாசிரமத்திலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த ரமணரிடம் தனிமையைப் பற்றிக் கேட்டார்கள். அது மனத்தில் இருக்கிறது என்றார் அவர். சந்தடிக்கு நடுவிலும் அமைதியாக இருப்பவனே தனிமையில் இருக்கிறான். காட்டுக்குப் போயும் மனம் அடங்காதவனுக்கு அது கிடைப்பதில்லை. அந்த ரமணர் ஆசிரமத்தில் எல்லோரோடும் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்; தனக்கென்று தனியாக எதையும் பரிமாற விடவில்லை. தனிமையும் பந்தியும் அவரிடம் மோதிக்கொள்ளவே இல்லை.

நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் அடங்கிய மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது, பல இனத்தாரும் கூடி உண்ணும் வழக்கம் என்பதற்காக. நியாயமான பெருமை. அதே மேசையில் ஒருவர் தனியாக உட்காரவும் முடிகிறது என்பதும் சிறிய விஷயமல்ல. ஜொகூரின் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தாத்தா பாட்டிமாருக்கு விடியுமுன் பெரட்டு, பிறகு பால்மரம், மாலையில் பக்கத்து வீட்டுப் பேச்சு சுவர் தாண்டிக் கேட்கும் லயம். தனக்கென்று ஒரு மூலை அங்கே ஏது? தமிழ்நாட்டிலோ உணவுக்கடையில் உட்காருவதே உரிமைப் போராட்டமாக இருந்தது. மலாயா விடுதலை பெற்ற அதே 1957இல்தான், சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் ‘பிராமணாள்’ பெயர்ப்பலகையை எதிர்த்துப் பெரியார் மறியல் நடத்தினார். மாசாயில் இன்று என்ன சாதி, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் தேநீர் வருகிறது. இந்த எளிமைக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

ஆனால் அந்த மேசைகளில் தனியாக இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இந்த வாதம் தடுமாறும் இடம் இதுதான். அதே ஆலையில் அதே ஷிஃப்டு முடித்த பெண் நேராக வீட்டுக்குப் போகிறாள். சமையல் காத்திருக்கிறது, பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை காத்திருக்கிறது. அரை மணி தாமதித்தால் எங்கே போனாய் என்ற கேள்வி வரும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடுப்படியில் கடைசியாகத் தனியே உண்பவளும் அவள்தான். அந்தத் தனிமையை எந்தப் புலவரும் இனியது என்று பாடவில்லை. ஏகாந்தம் நல்லது என்று நம்புகிற கணவர், வாரத்தில் ஒரு காலையாவது பிள்ளைக்குத் தலைவாரி, சாப்பாடு கட்டி, தமிழ்ப்பள்ளி வாசல்வரை தானே கொண்டுபோய் விடட்டும். அந்த நேரத்தில் அவள் கடைக்குப் போவாளா, கோயிலுக்குப் போவாளா, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாளா என்பதை அவளே முடிவு செய்துகொள்வாள்.