நன்மை வாங்கிய பிறகு

"செபிக்க நேரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்காத கத்தோலிக்கக் குடும்பத்தை நான் பார்த்ததில்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், வேலைக்கு ஓட வேண்டும், மாலையில் டியூஷன், இரவில் படுக்கையிலிருக்கும் மாமியாருக்கு மருந்து. குடும்பச் செபமாலை ஞாயிற்றுக்கிழமைக்குச் சுருங்கி, பிறகு அக்டோபர் மாதத்துக்குச் சுருங்கிவிட்ட வீடுகள் எத்தனையோ. இதைச் சாக்குப்போக்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. நேரம் உண்மையாகவே போதவில்லை. ஆனால் செபத்துக்கென்றே ஒரு நேரம் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. அதைத்தான் நாம் முதலில் விட்டுவிடுகிறோம். திருப்பலியில் நன்மை வாங்கி இருக்கைக்குத் திரும்பிய பிறகு வரும் நிமிடங்களைச் சொல்கிறேன்.

நம் கோவில்களில் அந்த நிமிடங்கள் எப்படிப் போகின்றன என்று பாருங்கள். பாடகர் குழு ஒரு பாடலை முடித்து, வரிசை இன்னும் நீண்டிருப்பதால் அடுத்ததைத் தொடங்கும். அது முடியும் முன்பே ஒருவர் கையில் தாளோடு மைக்கை நோக்கி நடப்பார். திருமண ஓலை, அன்பியக் கூட்டம், திருவிழா வரி, மறைக்கல்வித் தேர்வு. பின்வரிசையில் வண்டிச் சாவிகள் வெளியே வந்திருக்கும். நன்மை வாங்கிய கையோடு பக்கவாசல் வழியாகப் போய்விடுகிறவர்களும் உண்டு. அவர்களில் இரவுப்பணிக்குப் போகும் செவிலியர் இருக்கலாம், அழுகிற கைக்குழந்தையோடு வந்த தாய் இருக்கலாம். அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. எந்த அவசரமும் இல்லாமலே அவசரப்படும் மற்றவர்களைப் பற்றித்தான் பேச்சு. நன்மை வழங்கி முடிந்ததும் குருவும் மக்களும் சிறிது நேரம் அமைதியாகச் செபிக்கலாம் என்று திருப்பலி நூலின் வழிமுறையே இடம் தருகிறது. அறிவிப்புகளுக்கு அது ஒதுக்கியிருக்கும் இடம், அதன்பின் குரு சொல்லும் மன்றாட்டும் முடிந்த பிறகுதான்.

அப்பத்தின் தோற்றம் இருக்கும் வரை கிறிஸ்துவின் பிரசன்னமும் இருக்கிறது என்பது திருச்சபையின் போதனை. அப்படியானால் ஆண்டவரோடு நாம் மிக நெருங்கியிருக்கும் நேரம் அந்தச் சில நிமிடங்கள்தான். நற்கருணைப் பேழைக்கு முன்னால் முழந்தாள்படியிட்டு இருப்பதைவிடவும் அது நெருக்கம். அப்போது பேழையே நாம்தான். 16-ஆம் நூற்றாண்டில் அவிலா தெரேசம்மாள் தம் மடத்துச் சகோதரிகளுக்கு இதைத்தான் வற்புறுத்தி எழுதினார். இயேசு நடமாடிய காலத்தில் பிறந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறவர்களைக் கண்டு அவருக்கு வியப்பு. அதே ஆண்டவர் நற்கருணையில் இருக்கும்போது இவர்களுக்கு வேறென்ன வேண்டும் என்று அவர் நினைத்தார். நன்மை வாங்கிய பின் ஆண்டவரோடு மனமுவந்து தங்கியிருங்கள், அந்த வாய்ப்பை இழக்காதீர்கள் என்பது அவருடைய அறிவுரை.

அடிக்கடி நன்மை வாங்குவது மீண்டும் பரவியதே திருச்சபையின் நெடிய வரலாற்றில் அண்மைக்காலத்தில்தான். பல நூற்றாண்டுகளாகப் பெரும்பாலான விசுவாசிகள் ஆண்டில் சில முறைதான் வாங்கினார்கள். 1905-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் அடிக்கடியும் அன்றாடமும் வாங்கும்படி மக்களை ஊக்குவித்தார்; 1910-இல் ஏழு வயதையொட்டிய பிள்ளைகளுக்கும் புதுநன்மை கொடுக்கச் சொன்னார். அப்போதும் நள்ளிரவு தொடங்கி உபவாசம் இருந்தது. என் பாட்டி அந்தக் காலத்து மனுஷி. மறுநாள் நன்மை வாங்குவதென்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வாயில் பச்சைத் தண்ணீர் படாது, வீண்பேச்சும் வராது. 1953-இல் தண்ணீருக்கு விலக்கு வந்தது. 1957-இல் உபவாசம் மூன்று மணி நேரமாகவும் 1964-இல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. இந்தத் தளர்வுகளில் எனக்குக் குறையில்லை. நோயாளியும் கூலி வேலைக்குப் போகிறவரும் மாலைப் பூசையில் நன்மை வாங்க முடிவது இவற்றால்தான். ஆனால் அந்தப் பட்டினியோடு ஒரு காத்திருப்பும் இருந்தது. முந்தின இரவே மனம் கோவிலுக்குப் போய்விடும். பட்டினி குறைந்தபோது அந்தக் காத்திருப்பை வேறு வழியில் காப்பாற்றிக்கொள்ள நாம் யோசிக்கவில்லை. வாங்குவது பெருகியது, தங்குவது குறைந்தது.

காத்திருப்பு என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரிடம்தான் கேட்க வேண்டும். 1658-இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த மக்கள் குருவின்றி இருந்தார்கள். புதுநன்மை வாங்க வேண்டிய பிள்ளைகள் வளர்ந்து, மணமுடித்து, அவர்களுக்கே பிள்ளைகள் பிறந்துவிடும் காலம் அது. 1687-இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் என்ற குரு ஏழையின் கோலத்தில் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையைக் கண்டு எந்த முகம் மாறுகிறது என்று பார்த்தே விசுவாசிகளைக் கண்டுபிடித்தார். சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் தந்தார்கள். இரவில், மறைவில், வீடுகளுக்குள் பூசை நடந்தது. பிடிபட்டால் தண்டனை என்று தெரிந்தே வந்தார்கள். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரைத் தேடி இருட்டில் நடந்துவந்த அந்தத் தமிழ்க் குடும்பங்களின் பெயர்கள் எந்தப் புனிதர் பட்டியலிலும் இல்லை. என் கணக்கில் அவர்களும் நற்கருணையின் சாட்சிகளே.

இன்னொரு சாட்சி நம் காலத்தவர். வியட்நாமின் வான் துவான், சைகோனின் இணைப் பேராயராக நியமிக்கப்பட்ட சில மாதங்களில், 1975 ஆகஸ்டு 15 அன்று கைது செய்யப்பட்டார். பதின்மூன்று ஆண்டுச் சிறைவாழ்வில் ஒன்பது ஆண்டுகள் தனிமைச் சிறை. வயிற்றுக்கு மருந்து என்று அவர் எழுதிக் கேட்டதன் பொருளை அவருடைய மக்கள் புரிந்துகொண்டார்கள். வயிற்றுவலி மருந்து என்று எழுதி ஒட்டிய புட்டியில் திராட்சை இரசம் வந்தது. ஈரம் படாமல் டார்ச் விளக்குக்குள் ஒளித்த அப்பங்களும் வந்தன. உள்ளங்கையில் மூன்று சொட்டு இரசம், ஒரு சொட்டுத் தண்ணீர். அதுதான் பலிபீடம், அதுதான் கிண்ணம். மற்றக் கைதிகளோடு இருந்த முகாமில் இரவு விளக்கணைந்ததும் படுக்கையில் குனிந்தபடியே மனப்பாடமாகப் பூசை வைத்து, கொசுவலைக்கு அடியில் கைநீட்டிப் பக்கத்திலிருந்தவர்களுக்கு நன்மை கொடுப்பார். சிகரெட் பெட்டித் தாளில் சிறு பைகள் செய்து அதில் நற்கருணையை வைத்து மற்றக் குழுக்களில் இருந்த கைதிகளுக்கும் சேர்ப்பித்தார்கள். பகலெல்லாம் உழைத்துக் களைத்த அந்தக் கைதிகள் இரவில் முறைவைத்து விழித்திருந்து ஆராதித்தார்கள். தூக்கம் ஒன்றுதான் அவர்களுக்கென்று மிஞ்சியிருந்த நேரம். அதிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

நற்கருணை ஆராதனை எதற்கு, திருப்பலி போதாதா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. ஆராதனை தனியான ஒரு பக்திமுயற்சி அல்ல. நன்மை வாங்கியபின் பேசி முடிக்காததைத் தொடர்வதற்கு மறுபடியும் வந்து உட்காருவது. அதனால்தான் திருப்பலியில் அந்த அமைதி இல்லாமல் போனால் ஆராதனையும் வெறும் பாட்டும் மன்றாட்டு மாலையுமாக ஆகிவிடுகிறது. கொல்கத்தாவில் அன்னை தெரேசாவின் சபைக்கு வேலை குறைந்தா இருந்தது? சாகக் கிடப்பவர்களும் தொழுநோயாளிகளும் காத்திருக்க, வாரம் ஒருமுறை செய்துவந்த ஒரு மணி நேர ஆராதனையை 1973-இல் தினசரி ஆக்கினார்கள். வேலை கெடவில்லை, அதன்பின் சபையில் சேரவருவோர் பெருகினார்கள் என்று அன்னையே சொல்லியிருக்கிறார்.

ஆராதனையில் எதுவும் நடக்கவில்லையே என்ற சோர்வும் எல்லாருக்கும் வருவதுதான். அமெரிக்க ஆயர் புல்டன் ஷீன் 1919-இல் குருவானது முதல் 1979-இல் இறக்கும் வரை நாள்தோறும் ஒரு மணி நேரம் நற்கருணை முன் இருந்தவர். பாரிஸில் ஒரு கோவிலில் அந்த மணி முழுவதும் தூங்கிப்போனதை அவரே எழுதியிருக்கிறார். கெத்சமனியில் சீடர்களும் அப்படித்தான் செய்தார்கள் என்று ஆறுதல் கொண்டு, அடுத்த நாளும் போனார். எனக்கு அவரிடம் பிடித்தது இந்த அடுத்த நாள்தான். பராக்கு வரும், வரட்டும். மனதில் ஓடும் கடன், மகளின் கல்யாணம், அண்ணனோடு பேச்சு நின்றுபோனது எல்லாவற்றையும் அங்கேயே ஆண்டவரிடம் சொல்லிவிடலாம். அதுவும் செபம்தான்.

பங்குத்தந்தையருக்கு ஒரு வேண்டுகோள். நன்மை கொடுத்து முடிந்ததும் நீங்கள் உட்காருங்கள் சாமி. ஐந்து நிமிடம் பாட்டும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். ஓலையும் வரியும் அதற்குப்பின் வாசிக்கப்படட்டும். வாசகரே, உங்கள் பங்கில் அந்த அமைதி கிடைக்காவிட்டால், வரும் ஞாயிறு இறுதி ஆசீர் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். வண்டி நிறுத்துமிடத்தில் நெரிசல் குறைய எப்படியும் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் கோவிலுக்குள்ளேயே இருங்கள்.