பட்ட துன்பம் நம்மை நீதிமான்களாக்குமா?

'தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்பது எங்கள் பழமொழி. துன்பத்தை அனுபவித்தவனே பிறர் துன்பத்தை உணர்வான் என்று நாம் நம்புகிறோம். இது எப்பொழுதும் உண்மைதானா? ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த வெடர்பேண் குடும்பத்தின் வரலாறு இக்கேள்விக்குத் தரும் விடை நம்மைத் திடுக்கிட வைக்கிறது.

1746ஆம் ஆண்டு இளவரசர் சார்ள்ஸ் எட்வேர்ட் ஸ்ருவேட்டின் பக்கம் நின்று போரிட்டவர்கள் கலோடன் களத்தில் தோற்றார்கள். அவர்களுள் ஒருவரான சேர் ஜோன் வெடர்பேண் சிறைபிடிக்கப்பட்டு, இராசத் துரோகக் குற்றத்துக்காக அதே ஆண்டு நவம்பரில் இலண்டனில் தூக்கிலிடப்பட்டார். குடும்பத்தின் பட்டமும் சொத்தும் பறிபோயின. பதினேழு வயது மகன் ஜோன் உயிர் தப்பி, ஏழையாக ஜமெய்க்காத் தீவுக்குக் கப்பலேறினான். தம்பி ஜேம்சும் அங்கு போய்ச் சேர்ந்தான்.

தந்தையைக் கொடூரமாக இழந்து, வீடிழந்து, நாடிழந்த இச்சகோதரர்கள் அங்கே என்ன செய்தார்கள்? கரும்புத் தோட்டங்களுக்கு உடைமையாளராகி, ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களை அடிமைகளாக வைத்துப் பெருஞ் செல்வர் ஆனார்கள்.

ஜோன் வாங்கிய அடிமைகளுள் ஒருவன் ஜோசப் நைற் என்னும் சிறுவன். பெற்றோரையும் ஊரையும் இழந்து, கடல் கடந்து வந்தவன். தன் இளமைக் கதையின் சாயலை எசமான் அவனிடத்தில் கண்டிருக்க வேண்டும். காணவில்லை. 1769ஆம் ஆண்டளவில் அவனை வீட்டு வேலைக்காகத் தன்னோடு ஸ்கொட்லாந்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஜோசப் எழுத்து வாசனை பெற்றார், ஞானஸ்நானம் பெற்றார், ஆன் தொம்சன் என்ற பணிப்பெண்ணை மணந்தார். ஆனால் மனைவியோடு வாழ வீட்டைவிட்டு வெளியேற முயன்றபோது எசமான் சட்டத்தைக் கொண்டு தடுத்தார். அவரை அன்பாகவே நடத்தியதாக எசமான் தரப்பு வாதாடியது. ஜோசப் கேட்டது அன்பை அல்ல, நீதியை. வழக்கு மேல்நீதிமன்றம் வரை சென்றது. ஜமெய்க்காவின் அடிமைச் சட்டம் ஸ்கொட்லாந்தில் செல்லாது என 1778இல் நீதிபதிகளுட் பெரும்பான்மையோர் தீர்த்தனர். ஜோசப் விடுதலையடைந்தார்.

தம்பி ஜேம்சின் கதை இன்னும் வேதனையானது. அடிமைப் பெண் றொசானாவைக் கர்ப்பவதியாக்கியபின் அவளை விற்றுவிட்டார். பிறந்த மகன் றொபேட், தன் தாய் சவுக்கால் அடிக்கப்பட்டதைக் கண்ணாரக் கண்டவர். வளர்ந்தபின் பிரித்தானியாவுக்கு வந்து தந்தையின் மாளிகையைத் தேடிச் சென்றார். தந்தை எவ்வுதவியும் செய்ய மறுத்தார். வேலையாட்கள் கையால் ஒரு குவளை பியரும் வெடிப்பு விழுந்த ஓர் ஆறு பென்ஸ் நாணயமுமே கிடைத்தன என 1824இல் வெளியிட்ட தம் சிறுநூலில் றொபேட் எழுதியுள்ளார். தந்தையின் முறையான மகனோ, இவர் எங்கள் குடும்பத்தவரே அல்லர் என்று பத்திரிகையில் மறுத்தார்.

'அக்காலத்து வழக்கம் அது' என்று சிலர் சமாதானம் கூறலாம். ஆயின் அதே காலத்தில், அதே நாட்டு நீதிபதிகளே மறுபுறம் தீர்ப்பளித்தனர். அதற்கு முன்பே ஜோசப்பின் உள்ளம் உண்மையை அறிந்திருந்தது. ஒரு வழக்கம் நியாயமானதா என்று அதனால் வாழ்பவனை மட்டும் கேட்டால் போதாது. அதன்கீழ் நசுங்குபவனையும் கேட்கவேண்டும்.

துன்பம் இச்சகோதரர்களைத் தூய்மைப்படுத்தாதது ஏன்? 'எங்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயம்' என்று நினைத்தார்களேயன்றி, 'மனிதனுக்கு இழைக்கப்பட்ட அநியாயம்' என்று நினைக்கவில்லை. இழந்ததை மீட்கும் வைராக்கியம் அவர்களிடம் இருந்தது. எவருக்கும் இது நேரக்கூடாது என்ற எண்ணம் இருக்கவில்லை. எகிப்தில் அடிமைகளாயிருந்ததை மறவாமல் அந்நியரை நடத்துமாறு இறைவன் இஸ்ராயேலருக்கு மீண்டும் மீண்டும் நினைவூட்டியது காரணமின்றி அல்ல. துன்பம் தானாகவே இரக்கத்தைப் பிறப்பிப்பதில்லை. அது மனந்திரும்புதலின் வழியாகவே இரக்கமாக மாறுகிறது.

இது தூர தேசத்துக் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 1707இல் தொகுக்கப்பட்ட எங்கள் தேசவழமையிலும் அடிமைகளைப் பற்றிய பகுதி உண்டு. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான். 2009 வரை நீடித்த போரில் உறவுகளையும் வீடுவாசலையும் இழந்த குடும்பங்கள் நம்மிடையே பல. நமக்கு நீதி வேண்டும் என்று நாம் கேட்பது முற்றிலும் நியாயமே. அதே நாவால் நம் வீட்டு வேலைக்காரப் பிள்ளையை எப்படி அழைக்கிறோம்? கிணற்றடியிலும் கோவில் முன்றலிலும் சாதி பார்த்து யாரை விலக்குகிறோம்? திருமணப் பேச்சின்போது நம் மனத்தில் எழும் முதற் கேள்வி எது?

தப்பியோடிய ஒனேசிமுவைத் திருப்பி அனுப்பியபோது, அவனை அடிமையாக அல்ல, அன்பார்ந்த சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி புனித சின்னப்பர் பிலமோனைக் கேட்டார். அக்கடிதத்தை எழுதியவர் அப்பொழுது சிறையில் இருந்தவர். தம் விலங்கின் பாரம் அவருக்குப் பிறருடைய விலங்கைக் காட்டிக்கொடுத்தது. நம் காயங்களும் அவ்வாறே நம் கண்களைத் திறக்கட்டும்.