அல்லாஹ் கேட்பான்

நமக்குத் தீங்கிழைத்தவரைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம் இல்லங்களில் எழும் ஒரு சொல் உண்டு: "அல்லாஹ் கேட்பான்!" இச்சொல் பொறுமையா, சாபமா? நம்மை நெடுநாளாக உறுத்திவரும் வினா இது.

திருச்சிக்கும் திருவரங்கத்துக்கும் இடையே காவிரியைக் கடக்கும்போதெல்லாம் இம்மண்ணில் நிகழ்ந்த ஒரு வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. 1730களில் சந்தா சாகிபு திருச்சிக் கோட்டைக்குள் நுழைந்தது ஆணையிட்டுக் கொடுத்த வாக்கினால். ராணி மீனாட்சிக்குத் துணைநிற்பதாகத் திருமறையின் மீது ஆணையிட்டுப் பின்னர் அதனை மீறினார் என்றும், நாயக்கர் மரபின் கடைசி அரசியான அவர் நஞ்சுண்டு மாண்டார் என்றும் கூறுவர். ஆண்டுகள் கழிந்தன. கர்நாடகப் போரின்போது திருவரங்கத்தில் முற்றுகைக்குள் அகப்பட்ட சந்தா சாகிபு, தஞ்சைத் தளபதி மானோஜியின் வாக்கை நம்பிச் சரணடைந்தார். அந்த வாக்கும் காற்றில் பறந்தது. 1752 ஜூனில் அவர் தலை துண்டிக்கப்பட்டு, அவருடைய பகைவர் முகம்மது அலி வாலாஜாவிடம் சேர்க்கப்பட்டது.

"இறைவன் பழிவாங்கிவிட்டான்" என்று சொல்ல நம் நாவு துடிக்கிறது. ஆனால், பொய்யாணைக்குத் தண்டனை இன்னொரு வாக்குத் துரோகமா? மானோஜியின் வாள் அந்த அரசியின் கண்ணீருக்காகவா உயர்ந்தது? கைதி யாருக்கு உரியவர் என்று கூட்டாளிகள் பூசலிட்ட வேளையில் அல்லவா அது உயர்ந்தது! மனிதன் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறான். அதற்கு இறைவன் பெயரை எழுதிவைக்கிறான்.

இந்த ஆணவத்தையே கிறிஸ்தவ வேதம் கண்டிக்கிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் பவுல், பழிதீர்ப்பது இறைவனுக்கே உரியதாகையால் அதனை நீங்கள் கையிலெடுக்க வேண்டா என்று அறிவுறுத்துகிறார். மூஸா நபியவர்களின் ஆகமத்தில் உள்ள கருத்தே அது. ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. பகைவன் பசித்தால் உணவும், தாகித்தால் தண்ணீரும் கொடுக்கச் சொல்கிறார். அடுத்த அதிகாரத்தில், தீயோரைத் தண்டிக்க ஆட்சியாளருக்கு அதிகாரம் உண்டென்பதையும் ஒப்புக்கொள்கிறார். ஆக, நீதியைக் கைவிடச் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவனே நீதிபதியின் ஆசனத்தில் ஏறிவிடலாகாது என்கிறார்.

இது நடைமுறைக்கு ஆகுமா? 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெயின்ஸ் என்ற பாதிரியாரும் அவருடைய இரு இளஞ்சிறுவர்களும் வாகனத்தோடு எரிக்கப்பட்டனர். அவருடைய மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்ததாக வெளிப்படையாக அறிவித்தார்; தொழுநோயாளரிடையே கணவர் செய்துவந்த பணியைத் தொடர்ந்தார். சட்டமும் தன் வழியே நடந்தது. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அம்மையாரின் மன்னிப்பு நீதியின் குறுக்கே நிற்கவில்லை.

நம் மார்க்கத்தின் நெறி சற்று வேறானது. அதனை மறைக்க வேண்டியதில்லை. தீமைக்கு ஈடான தண்டனையைக் கோரும் உரிமையைத் திருமறை மறுக்கவில்லை. அதற்கு வரம்பு கட்டுகிறது. வரம்பு கடந்தவனை அநீதக்காரன் என்கிறது. ஆனால் மன்னித்துச் சமாதானம் செய்பவரின் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது என்று 42ஆம் அத்தியாயத்தில் உயர்ந்த படியொன்றைக் காட்டுகிறது.

அப்படியில் ஏறி நின்றவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். உஹதுப் போரில் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷீ, பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவி வந்து நின்றபோது பழிவாங்கவில்லை. ஆயினும், தம் கண்முன் வராதிருக்க இயலுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். மன்னிப்பு என்றால் துயரத்தை மறப்பதன்று என்பதற்கு இதனினும் மென்மையான சான்று வேண்டுமா? நெஞ்சின் புண் ஆறாதிருக்கலாம். கை ஓங்காதிருந்தால் போதும்.

இனி நம் வினாவுக்கு வருவோம். பாகப்பிரிவினையில் பகைத்த உடன்பிறந்தானை நோக்கி "அல்லாஹ் கேட்பான்" என்கிறோம். பின்பு அவன் வணிகம் நொடித்ததா, மகளின் சம்பந்தம் முறிந்ததா என்று செவிகொடுத்துக் காத்திருக்கிறோம். வழக்கை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டுத் தீர்ப்பை நாமே எழுதிவைத்திருந்தால் அது ஒப்படைப்பாகுமா? அவனைத் தூதனாக்கி நம் பழியை அனுப்பிவைப்பதல்லவா அது! உண்மையில் ஒப்படைத்தவர் அந்தப் பகைவன் வாசலில் வந்து நின்றால் ஒரு குவளைத் தண்ணீர் கொடுப்பார். அதுவே உரைகல்.

சந்தா சாகிபு திருச்சி நத்தர் வலியுல்லாஹ் தர்காவில் துயில்கிறார். அவருடைய தலையைப் பெற்ற வாலாஜாவும் 1795இல் சென்னையில் காலமானார். அவருடைய உடலும் பின்னர் இதே திருச்சிக்குக் கொண்டுவரப்பட்டது. இருவர் வழக்கும் இன்று ஒரே நீதிபதியின் முன்னே இருக்கிறது. அங்கே அவர்களுக்காக வாதாட எந்த வாளும் இல்லை.