தண்டமும் குற்ற ஏடும்

வினை நுகர்ச்சியாற் கழியும். கழிந்த வினை மீண்டும் நுகர்ச்சிக்கு வாராது. இது சைவசித்தாந்தத் துணிபு. அரசன் செய்யும் தண்டமும் இறைவன் அருள்வழியே நிகழ்வதென்பது சிவஞானசித்தியார் கருத்து. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கின், சிறுகுற்றம் ஒன்றிற்குரிய தண்டம் முடிந்த பின்னும் அக்குற்றம் காவல்நிலைய ஏட்டில் என்றும் நிற்றல் முறையாமோ என்னும் வினா எழும்.

ஒருவன் அபராதம் இறுத்தான். அல்லது சின்னாள் சிறையிருந்தான். பின்னர்ப் பத்தாண்டு நேர்மையாய் உழைத்தும், வேலை நாடிச் செல்லுமிடந்தோறும் அவ்வேடு முன்சென்று தடுக்குமாயின், அது நுகர்ந்த வினையை மறுபடியும் நுகர்வித்தலேயாம்.

இங்கிலாந்து 1974-ஆம் ஆண்டிலேயே இதற்கொரு சட்டம் செய்தது. அமெரிக்காவிற் பென்சில்வேனியா 2018-இல், சிறுகுற்றக் குறிப்புகள் உரிய காலம் கழிந்தபின் விண்ணப்பமின்றியே மறைக்கப்படுமாறு விதித்தது. நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் சிறார் ஏடுகளைப் பெரும்பாலும் அழிக்கச் சொல்கின்றது. வயது வந்தோர்க்கு அத்தகைய பொதுச்சட்டம் இல்லை.

அற்றேல், 2024 சூன் திங்களிற் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கு மேற்பட்டோர் உயிரைக் கொண்டதே. ஏட்டை அழிப்பின் அந்நஞ்சு விற்போர் மறைந்து கொள்ளாரோ எனின், கொள்ளார். பிறருயிர்க்கு ஊறு செய்தது சிறுகுற்றத்துட் படாது. மீண்டும் மீண்டும் செய்வானுக்கோ ஆகாமியம் ஏறிக்கொண்டே யிருத்தலின், அவனேடு கழிதற்கு இடமில்லை. குறித்த ஆண்டுகள் குற்றமின்றி ஒழுகினானுக்கே அது கழிதல் வேண்டும். கல்வராயன் மலையிற் பிழைப்பின்றி ஒருகால் ஊறற்குடம் சுமந்து தண்டமுற்றுத் திருந்தியவனும், நஞ்சு கலந்து விற்றவனும் ஓரேட்டில் ஒருநிகராக நிற்றல் நடுவுநிலைமையன்று.

முடிவில்லாத ஏடு எங்கே கொண்டுபோய் விடுமென்பதை நாடு கண்டுள்ளது. 1871-இல் இயற்றப்பெற்று, 1911-இற் சென்னை மாகாணத்திற்கும் விரிக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், செய்வினை நோக்காது பிறப்பு நோக்கியே மக்களை ஏட்டில் ஏற்றியது. 1952-இலேதான் அது நாடு முழுதும் ஒழிந்தது.

இனி, வேண்டுவோர் விண்ணப்பித்து நீக்கிக்கொள்ளலாமே என்பாருமுளர். வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பொருளில்லாதவன் என் செய்வான்? கடன் தீர்ந்தபின் முறியைக் கிழித்தல் கடன் கொடுத்தோன் பொறுப்பேயன்றி, இறுத்தவன் இரந்து பெறுவதன்று.

அம்மாவட்டத்துத் திருக்கோவலூரில் அரசிருந்த மெய்ப்பொருள் நாயனார், தம்மைக் குத்திய பகைவனையும் ஊறின்றிக் கொண்டுபோய் விடப் பணித்தார். அது அருள். யாம் ஈண்டு வேண்டுவது அவ்வருளன்று, முறையே. ஒறுத்தல் அரசின் கடன்; ஒறுத்து முடிந்ததென்று அறிதலும் அக்கடனுள் அடங்கும்.