பட்டியலில் இல்லாதவருக்குப் பசி இல்லையா?

கொடுத்த கணமே புண்ணியம் சேர்ந்துவிடும் என்று நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கொடுத்தது உரியவர் கைக்குப் போனதா என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் யாரும் உடுத்த முடியாத பழைய துணிகள் குவிந்து கிடந்தன. அனுப்பியவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

நிவாரணம் என்றதும் நாம் கேட்பது, ‘நடுவில் எவன் தின்றான்?’ என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒரு ரூபாய்கூடத் திருடப்படாமலே நிவாரணம் தவறிப்போக முடியும். அதே நாகப்பட்டினத்தில் பாதிக்கப்பட்டோர் கணக்கு பெரும்பாலும் மீனவப் பஞ்சாயத்துகள் வழியாக எடுக்கப்பட்டது. கடலை நம்பிக் கூலி வேலை செய்த தலித்துகளும் இருளர்களும் பல இடங்களில் அதில் விடுபட்டார்கள். உலகமே பணம் அனுப்பியும் பட்டியல் அவர்களைப் பார்க்கவில்லை.

இப்போது ஸ்ரீபெரும்புதூர் வட்டத்துப் பிள்ளைப்பாக்கத்துக்கு வாருங்கள். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலிக்கு உழைக்கிறார்கள். ஓர் அறையில் பலர் சேர்ந்து தங்குகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தமிழ்நாடு அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. நல்ல காரியம், விரைவாகவும் நடந்தது. குன்றத்தூர் வட்டம் முழுவதும் அதில் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் மூன்று வருவாய்க் கிராமங்கள் மட்டும். பணம் ரேஷன் கடை வழியாக வந்தது. அட்டை இல்லாதவர் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். வாடகை ஒப்பந்தமே இல்லாமல் தங்கியிருப்பவர் எதைக் காட்டி விண்ணப்பிப்பார்? சொந்த ஊர் அட்டை இருந்தால் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் அவருக்கு அரிசி தரும், இந்தப் பணத்தைத் தராது.

அவரை அரசுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். மாதாமாதம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் எண் இருக்கிறது. பிடிக்கும்போது அடையாளம் தெரிகிறது, கொடுக்கும்போது தெரியவில்லை.

ஆலைகளின் தர்மத்தையும் பேசியாக வேண்டும். கம்பெனிச் சட்டம், 2013 பெரிய நிறுவனங்களை லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. ஆனால் 2020-இல் மத்திய அரசு கொடுத்த விளக்கப்படி, பி.எம். கேர்ஸ் நிதிக்குக் கொடுத்தால் அது இந்தக் கணக்கில் சேரும், முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் சேராது. அந்த பி.எம். கேர்ஸோ தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வராது என்று பிரதமர் அலுவலகம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. பிள்ளைப்பாக்கத்தில் உழைத்து ஈட்டிய லாபம், உழைத்தவர் கணக்குக் கேட்க முடியாத இடத்துக்குப் போகலாம் என்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்த மழைக்கு முன்பே கேளுங்கள். கிராம சபையில் எழுந்து, பாதிக்கப்பட்டோர் பட்டியலை எதை வைத்து எடுப்பீர்கள், வாடகை அறையில் இருப்பவர் அதில் உண்டா என்று கேளுங்கள். இ.எஸ்.ஐ. எண்ணை அடையாளமாக ஏற்கச் சொல்லுங்கள். உண்டியலில் போடும் நூறு ரூபாயைவிட அந்தக் கேள்வி அதிகம் பேருக்குச் சோறு போடும்.