எவருடைய அந்தரங்கம்?

2015 நவம்பரில் எஃப்.லக்ஸ் என்ற சிறு செயலிக்கு நேர்ந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரவில் திரையின் நீல வெளிச்சத்தைக் குறைத்து மஞ்சள் சாயலுக்குக் கொண்டுவருவதைத் தவிர வேறெதுவும் அறியாத செயலி அது. 2009 முதல் கணினிகளுக்கு இலவசமாகக் கிடைத்துவந்தது. ஐஃபோனில் இதே காரியத்தைச் செய்யத் தேவையான அழைப்புகளை ஆப்பிள் நிறுவனம் வெளியாருக்கென்று பிரசுரித்திருக்கவில்லை. ஆனால் அவை ஃபோனுக்குள் இருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் கொடுத்தன. ஆப்பிளின் கடையில் இடம் கிடைக்காது என்று அறிந்த எஃப்.லக்ஸ்காரர்கள், வேண்டுபவர் தம் கணினியிலிருந்து தம் ஃபோனில் தாமே ஏற்றிக்கொள்ள ஒரு வழியை ஏற்படுத்திக் கொடுத்தார்கள். ஒப்பந்த மீறல் என்று ஆப்பிளிடமிருந்து தகவல் வந்தது. வழியை அடைத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, 2016 ஜனவரியில், ஆப்பிள் தன் அடுத்த பதிப்பின் முன்னோட்டத்தில் 'நைட் ஷிஃப்ட்' என்றொரு வசதியை அறிவித்தது. இரவில் திரையை மஞ்சள் சாயலுக்குக் கொண்டுவரும் வசதி.

இதைத் திருட்டு என்று கூச்சலிட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கூச்சலில் ருசி இல்லை. திரையை மஞ்சளாக்கலாம் என்ற யோசனை எவர் தலையிலும் உதிக்கக்கூடியது. என்னை உறுத்துவது இன்னும் சாதாரணமான ஒன்று. ஒருவர் தாம் விலை கொடுத்து வாங்கிய பொருளில், அந்தப் பொருளால் செய்ய முடிகிற ஒரு காரியத்தை, தம் முழுச் சம்மதத்தோடு, தம் கையாலேயே செய்துகொள்கிறார். அது தவறு என்று அந்தப் பொருளை விற்றவர் சொல்கிறார். தவறு என்ற சொல்லுக்கு இங்கே என்ன அர்த்தம்? ஒப்பந்தம் இருக்கிறது, எனவே சட்டத்தில் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கத்தான் செய்யும். நான் கேட்பது தார்மீக அர்த்தத்தை.

ஐஃபோனின் உட்புறம் பெரும்பாலும் எழுதப்பட்ட அப்ஜெக்டிவ்-ஸி என்ற மொழியில், ஒரு பொருளிடம் வேலை வாங்குவதென்பது அதற்கு ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவதுதான். பெயர் சரியாக இருந்தால் வேலை நடக்கும். கூப்பிட்டவர் வீட்டு மனிதரா வெளி மனிதரா என்று அந்தப் பொருள் கேட்பதில்லை. இப்படிப்பட்ட பெயர்களில் ஒரு பகுதியை மட்டும், இன்னது செய்யும், இன்னது தரும் என்ற விளக்கத்தோடு ஆப்பிள் பட்டியலாக வெளியிடுகிறது. ஏபிஐ என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வது இதைத்தான். பட்டியலில் இல்லாதவை ரகசியம் என்றும் சொல்லிவிட முடியாது. அதற்கென்று உள்ள கருவிகளால் உள்ளே இருக்கும் அத்தனை பெயர்களையும் ஒரே மூச்சில் எழுதி எடுத்துவிடலாம். உள்விவகாரம் என்று காட்டுவதற்காகச் சில பெயர்களுக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டிருப்பார்கள். வேலி அவ்வளவுதான். 2008 ஜூலையில் கடை திறந்தது. 2010 செப்டம்பரில் அதன் பரிசீலனை விதிகள் முதன்முதலாக வெளியாயின. பிரசுரிக்கப்படாத அழைப்புகளைப் பயன்படுத்தும் செயலி நிராகரிக்கப்படும் என்பது அவற்றில் ஒன்று.

இந்த விதிக்கு ஒரு நியாயம் உண்டு. எதிர்த்தரப்பின் நியாயத்தை முழு பலத்தோடு எடுத்துவைக்காமல் எதிர்ப்பது நம் விமர்சன உலகில் சகஜமாகிவிட்ட சோம்பேறித்தனம். அதை இங்கேயும் கொண்டுவர வேண்டாம். ஓர் அழைப்பைப் பிரசுரிப்பது வாக்குக் கொடுப்பது. நாளையும் இது இப்படியே இருக்கும், இதை நம்பி நீ கட்டலாம் என்பது அந்த வாக்கு. பிரசுரிக்காமல் வைத்திருப்பவர், மனத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறார். அவர் கொடுக்காத வாக்கின்மேல் ஒருவர் வீடு கட்டிவிட்டு, பிறகு இடிந்தது என்று அழுவதில் நியாயமில்லை. இடிந்தால் இடியட்டும், நஷ்டம் என்னுடையது என்று செயலி எழுதுபவர் வீறாப்பாகச் சொல்லலாம். ஆனால் நஷ்டம் அவருடையது மட்டுமல்ல. அவரிடம் செயலியை வாங்கிய பத்தாயிரம் பேருக்குப் பட்டியலும் தெரியாது, அடிக்கோடும் தெரியாது. அடுத்த பதிப்பு வந்த அன்று செயலி செத்துப்போனால் அவர்கள் ஃபோனைத்தான் திட்டுவார்கள். மைக்ரோசாஃப்ட் இதில் நிறையப் பட்டிருக்கிறது. ஸிம்ஸிட்டி என்ற விளையாட்டு, விடுவித்துவிட்ட நினைவகத்தைத் திரும்பவும் படிக்கும் கோளாறு கொண்டது. பழைய அமைப்பில் எப்படியோ ஓடியது. அது தொடர்ந்து ஓட வேண்டும் என்பதற்காக, ஸிம்ஸிட்டியைக் கண்டால் தனியாக நடந்துகொள்ளும்படி விண்டோஸ் 95ஐ எழுதினார்கள் என்று ஜோயல் ஸ்போல்ஸ்கி விவரித்திருக்கிறார். கொடுக்காத வாக்கைக் காப்பாற்றும் நிர்ப்பந்தம் இது. ஆப்பிள் இந்தச் சுமையை மறுத்தால் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

இதைவிடக் கனமான நியாயம் இன்னொன்று. 2015 அக்டோபரில் ஸோர்ஸ் டிஎன்ஏ என்ற நிறுவனம் 256 செயலிகளைக் கண்டுபிடித்துச் சொன்னது. சீனாவின் யூமி என்ற விளம்பரக் கம்பெனி தந்த நிரல் துண்டு அவற்றுக்குள் இருந்தது. பிரசுரிக்கப்படாத அழைப்புகளைக் கொண்டு, ஃபோனில் வேறென்ன செயலிகள் இருக்கின்றன, சாதனத்தின் வரிசை எண் என்ன, உரியவரின் ஆப்பிள் கணக்கு மின்னஞ்சல் முகவரி என்ன என்றெல்லாம் அது திரட்டிக்கொண்டிருந்தது. ஆப்பிள் அந்தச் செயலிகளை நீக்கியது. அவற்றை எழுதியவர்களில் பலருக்குத் தாங்கள் சேர்த்துக்கொண்ட துண்டு உள்ளே என்ன செய்கிறது என்பதே தெரியாமல் இருந்திருக்கலாம் என்று அப்போது கருதப்பட்டது. இங்கே விதி ஒரு மனிதரின் அந்தரங்கத்தைக் காத்தது. இதை ஒப்புக்கொள்ளாமல் சுதந்திரம் சுதந்திரம் என்று பேசுவது விடலைத்தனம்.

ஆனால் யூமியையும் எஃப்.லக்ஸையும் ஒரே விதி பிடித்தது எப்படி? ஒன்று எட்டிப் பார்த்தது, மற்றது விளக்கைத் தணித்தது. இரண்டையும் இணைப்பது ஆங்கிலத்தின் ஒரு சொல் என்று நினைக்கிறேன். பிரசுரிக்கப்படாத அழைப்பை அங்கே 'பிரைவேட்' என்கிறார்கள். ஒரு மனிதரின் கடிதங்கள், முகவரிகள், தூக்கம், நோய் ஆகியவற்றுக்கும் அதே 'பிரைவேட்'தான். தமிழில் எழுத உட்கார்ந்தால் இந்த வசதி கிடைப்பதில்லை. கம்பெனியின் உள்கட்டு என்று ஒன்றையும் மனிதரின் அந்தரங்கம் என்று மற்றொன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டிவருகிறது. தனித்தனியாகச் சொன்னவுடனே, உள்கட்டுக்குப் போட்ட பூட்டு அந்தரங்கத்தையும் காக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

காக்காது என்பதற்கு 2012 பிப்ரவரியில் வெளிப்பட்ட பாத் விவகாரமே போதும். பாத் என்ற செயலி, கேட்காமலேயே பயனரின் முகவரிப் புத்தகம் முழுவதையும் தன் கணினிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. எந்தக் கள்ளச் சாவியும் அதற்குத் தேவைப்படவில்லை. முகவரிப் புத்தகத்தைத் திறக்கும் அழைப்பு பட்டியலில் இருந்தது; ஆப்பிளே அச்சிட்டு, விளக்கி, வெளியாருக்குக் கொடுத்தது. அனுமதி கேட்க வேண்டும் என்ற விதி காகிதத்தில் இருந்தது, அழைப்பு கேட்காமலேயே திறந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 6இல்தான், முகவரிகளைத் தொடுமுன் பயனரைக் கேட்டாக வேண்டும் என்று சாதனத்திலேயே ஏற்பாடு செய்தார்கள்.

நான் வங்கியில் குமாஸ்தா. எங்கள் கிளையின் லாக்கர் அறையில் இந்த இரண்டு அந்தரங்கங்களும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அறைக் கதவும் கம்பிக் கதவும் வங்கியின் உள்கட்டு. பெட்டிக்குள் இருப்பது வாடிக்கையாளருடையது. வங்கிச் சாவியைப் போட்ட பிறகும் அவருடைய சாவி இல்லாமல் பெட்டி திறக்காது. திறந்தபின் நான் அங்கே நிற்கவும் கூடாது. ஐஓஎஸ் 6 செய்தது இரண்டாவது சாவியைத் தயாரித்ததுதான். பிரசுரிக்கப்படாத அழைப்புகளைத் தடுக்கும் விதியோ அறைக் கதவைச் சாத்துவதோடு நின்றுவிடுகிறது.

அப்படியானால் மஞ்சள் வெளிச்சத்தைத் தடுத்த நியாயம் எது? 1913இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் ஹோஃபெல்ட், உரிமை என்ற ஒரே சொல்லுக்குள் பல வெவ்வேறு உறவுகள் குழம்பிக் கிடப்பதைப் பிரித்துக் காட்டினார். நீ எனக்கு ஒன்றைச் செய்துதரக் கடமைப்பட்டவன் என்பது ஒன்று. நான் ஒன்றைச் செய்யாமலிருக்கக் கடமைப்பட்டவனல்ல என்பது வேறொன்று. முதலாவது இல்லை என்பதால் இரண்டாவதும் இல்லாமல் போய்விடாது. 'இந்த அழைப்பு நாளை இருக்கும் என்று நான் வாக்குத் தரவில்லை' என்று ஆப்பிள் சொல்லும்போது முதலாவதை மறுக்கிறது. மறுக்க அதற்கு எல்லா நியாயமும் உண்டு. 'ஆகவே நீ கூப்பிடக்கூடாது' என்ற வாக்கியம் முதல் வாக்கியத்திலிருந்து பிறப்பதில்லை. நடுவே ஒரு தாண்டல் இருக்கிறது. தாண்ட முடிந்ததற்குக் காரணம் கடை.

விண்டோஸ் காலத்தில் இந்தத் தாண்டல் சாத்தியமில்லை. 1992இல் ஆண்ட்ரூ ஷுல்மன் வேறு இருவரோடு சேர்ந்து 'அன்டாக்குமென்டட் விண்டோஸ்' என்ற புத்தகத்தை எழுதினார். பிரசுரிக்கப்படாத அழைப்புகளை விவரிப்பதே அதன் வேலை. எவரும் வாங்கினார்கள், எவரும் கூப்பிட்டார்கள், பதிப்பு மாறியதும் சிலர் விழுந்தார்கள். மைக்ரோசாஃப்ட் மேல் அன்று சொல்லப்பட்ட புகார், தன் சொந்தச் செயலிகளுக்கு மட்டும் இவற்றைத் தெரிவித்துப் போட்டியாளரிடமிருந்து மறைக்கிறது என்பது. கௌரவமான புகார்தான். ஆனால் கண்டுபிடித்துக் கூப்பிட்டவரை வாசலில் நிறுத்தக்கூடிய ஆள் அன்று இருக்கவில்லை. 2008க்குப் பிறகு ஐஃபோனுக்கு வாசல் ஒன்று, வாசற்காரர் ஒருவர். அவரே வீட்டு எஜமானர், அவரே எதிர்க்கடைக்காரர்.

வாசற்காரரின் பரிசோதனை எப்படி நடந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. 2009 இறுதியில் செயலிகளை இயந்திரத்தைக் கொண்டே சலிக்கத் தொடங்கினார்கள். இயந்திரம் பெயர்களைத்தான் தேடும். தானே சூட்டிய பெயர் ஒன்று தற்செயலாக ஆப்பிளின் உள்கட்டுப் பெயரோடு ஒத்துப்போனதால் நிராகரிக்கப்பட்டவர்கள் உண்டு. பெயரை இரண்டு மூன்று துண்டாக நறுக்கி எழுதி, ஓடும்போது ஒட்டவைத்துச் சலிப்பிலிருந்து தப்பியவர்களும் உண்டு. சொல்லைத் தணிக்கை செய்கிற இடத்தில் எல்லாம் நடப்பதுதான். இலக்கியம் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு வாசல் கொஞ்சம் அகலம். 2008 நவம்பரில் கூகிளின் செயலி, ஃபோனைக் காதருகே கொண்டுபோனதும் பேச்சைக் கேட்கத் தொடங்குவதற்காகப் பிரசுரிக்கப்படாத அழைப்பைப் பயன்படுத்தியது. கூகிளே ஒப்புக்கொண்டது, செயலி கடையிலேயே இருந்தது. ஊபர், அழித்துச் சுத்தம் செய்த ஃபோனைக்கூட அடையாளம் காணும் உத்தியை வைத்திருந்தது; ஆப்பிள் தலைமையகம் இருக்கும் கூப்பர்டினோவில் மட்டும் அது தெரியாதபடி மறைத்தது; 2015இல் டிம் குக் ஊபர் தலைவரை நேரில் அழைத்துக் கண்டித்தார் என்று 2017 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. இது அப்பட்டமாக மனிதரின் அந்தரங்கத்தைத் தொட்ட காரியம். கண்டிப்போடு முடிந்தது. அதே 2017 அக்டோபரில், திரையில் இருப்பதைப் படிக்க உதவக்கூடிய ஓர் உள்கட்டு அனுமதியை ஊபருக்கு ஆப்பிளே தனியாகக் கொடுத்திருந்தது ஓர் ஆராய்ச்சியாளரால் வெளிவந்தது. கைக்கடிகாரத்தில் வரைபடம் காட்டத்தான் என்று ஊபர் விளக்கம் சொன்னது. இருக்கலாம். எஃப்.லக்ஸுக்கு விளக்கம் சொல்லும் வாய்ப்புகூட இல்லை.

என் தொழில் சார்ந்த விஷயம் ஒன்று. ஃபோனைக் கருவியருகே காட்டிப் பணம் கொடுக்கும் வசதி 2014 முதல் ஐஃபோனில் ஆப்பிள் பே மூலம் மட்டும்தான் நடந்தது. அதற்கான ரேடியோ துண்டை வேறு எவரும் பணப் பட்டுவாடாவுக்குத் தொட முடியாது. ஆஸ்திரேலிய வங்கிகள் சில ஒன்றுசேர்ந்து பேரம் பேச அனுமதி கேட்டன. அங்குள்ள போட்டி ஆணையம் 2017 மார்ச்சில் மறுத்துவிட்டது. வங்கிகளுக்காக அழ என்னிடம் கண்ணீர் இல்லை. ஆனால் பாதுகாப்பு என்று சொல்லப்பட்ட அதே கதவை, ஐரோப்பிய ஆணையத்தின் விசாரணைக்குப் பிறகு, 2024 ஜூலையில் ஐரோப்பாவில் பத்து வருஷத்திற்குத் திறந்துவைக்க ஆப்பிள் ஒப்புக்கொண்டது. வேறு சில நாடுகளிலும் திறப்பதாக அடுத்த மாதமே அறிவித்தது. பாதுகாப்பின் காரணம் ஒரு மாதத்தில் எங்கே போயிற்று?

பிரசுரிக்கக் கட்டாயப்படுத்துவதுதான் பரிகாரம் என்கிறவர்களோடு எனக்குத் தயக்கம் இருக்கிறது. எவரையும் வாக்குக் கொடுக்கும்படி பலவந்தப்படுத்துவது நல்ல காரியமல்ல. அரைகுறையாகச் செய்த வேலையை ஆயுசுக்கும் அப்படியே காப்பாற்று என்று ஒரு தொழிலாளியிடம் சொல்வதற்கு ஒப்பானது அது. வாக்கும் தராதே, வழியும் மறிக்காதே என்ற நடுநிலை சாத்தியம். விழுந்தால் விழுவாய் என்று செயலியின் நெற்றியில் எழுதி ஒட்டட்டும், வாங்குபவர் படித்துவிட்டு வாங்கட்டும். ஆனால் வீட்டுக்காரர் தம் உள்கட்டில் சமைத்ததைச் சந்தைக்குக் கொண்டுவந்து எதிர்க்கடை போட்டுவிட்டால், அந்தச் சமையலறை வெறும் உள்கட்டு என்ற தகுதியை இழந்துவிடுகிறது. அப்போது கட்டாயத்திற்கும் இடம் உண்டு. நைட் ஷிஃப்ட் வந்த அன்றே எஃப்.லக்ஸுக்கு அந்த அழைப்பு கிடைத்திருக்க வேண்டும்.

2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் ஏறக்குறைய இதையே பணித்தது: வேறு கம்பெனிகளின் கைக்கடிகாரங்களும் காது ஒலிக்கருவிகளும் ஐஃபோனோடு எப்படியெல்லாம் இணைய வேண்டும் என்று வரிசையாக நிர்ணயித்தது. ஆப்பிள் மேல்முறையீடு செய்தது. ஃபோனில் வரும் அறிவிப்புகளின் உள்ளடக்கம் வேற்றுக் கம்பெனிகளுக்குப் போகும், பயனரின் அந்தரங்கம் கெடும் என்பது அதன் வாதங்களில் ஒன்று. இந்த இடத்தில் ஆப்பிள் சொல்வதைத் தட்டிவிட முடியாது. அறிவிப்பில் டாக்டரிடமிருந்து வந்த செய்தி இருக்கும், கடன்காரனின் மிரட்டல் இருக்கும். அது மெய்யாகவே அந்தரங்கம். ஆனால் அது அந்த ஃபோனை வைத்திருப்பவருடைய அந்தரங்கம். எந்தக் கடிகாரத்துக்கு அதை அனுப்பலாம் என்ற கேள்வியும் அவரிடம்தான் போக வேண்டும், கூப்பர்டினோவுக்கு அல்ல.