ஈம்: ஓர் ஊர் கொடுத்த பலி

இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் உள்ள ஈம் கிராமத்தில், சில பழைய கல்வீடுகளின் முன்னால் பெயர்ப்பலகைகள் நிற்கின்றன. 1665, 1666 ஆம் ஆண்டுகளில் அந்த வீட்டில் பிளேக் நோய்க்கு இறந்தவர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. அதே வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். தன்னைப் பலியாகக் கொடுப்பது தனிமனிதருக்கே கூடுமா, ஓர் ஊருக்கும் கூடுமா என்ற கேள்வி இந்த ஊரை விட்டு நீங்கவில்லை.

1665 செப்டம்பரில், லண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்கு வந்த துணிக்கட்டோடு நோய் வந்தது என்பது ஊர் வழக்கு. அந்த வீட்டில் வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ் முதலில் இறந்தார். குளிர்காலத்தில் தணிந்த நோய் மறு கோடையில் மூர்க்கமானது. அப்போது ஊரில் இரண்டு போதகர்கள் இருந்தார்கள். 1662 ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வழிபாட்டு முறைக்கு இணங்காத தாமஸ் ஸ்டான்லி, பதவி இழந்த முன்னாள் குருவானவர். வில்லியம் மாம்பெசன் ஊர்த் திருச்சபையின் இளம் குருவானவர். ஊராரின் நம்பிக்கை பழையவரிடம், அதிகாரம் புதியவரிடம். கொள்கையால் எதிரெதிராக நின்ற இருவரும் சேர்ந்து பேசியதால்தான் 1666 ஜூனில் எல்லையைத் தாண்டுவதில்லை என்று ஊர் முடிவெடுத்தது.

ஆலயம் மூடப்பட்டது. கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில், குடும்பங்கள் விலகி விலகி நின்று ஆராதனை செய்தன. எல்லைக்கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றி, அதில் காசைப் போட்டு வைத்தார்கள்; வெளியூரார் உணவை வைத்துவிட்டுப் போனார்கள். இறந்தவர்களை அவரவர் வீட்டாரே புதைத்தார்கள். எலிசபெத் ஹான்காக் எட்டு நாட்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தம் கையால் அடக்கம் செய்தார். மாம்பெசனின் மனைவி கேத்தரின் ஆகஸ்டில் இறந்தார். மொத்தம் 260 பேர் என்பது மரபுக் கணக்கு.

இதைத் தியாகம் என்று சொல்வதில் தடைகள் உண்டு. வசதியுள்ள சிலர் முன்பே வெளியேறிவிட்டார்கள். மாம்பெசனின் பிள்ளைகளும் யார்க்ஷயருக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். ஏழைகளுக்குப் போக்கிடம் இல்லை. குழந்தைகளிடம் சம்மதம் கேட்டவர் யாருமில்லை. மனமுவந்து தராத உயிர் பலியாகாது என்பது கிறிஸ்தவ இறையியலின் அடிப்படை. அந்த அளவுகோலை வைத்தால் ஈம் ஊரின் பெருமை குறையவே செய்யும்.

ஆனால் சம்மதம் ஜூன் மாதத்தில் ஒரே நாளில் கொடுத்து முடித்தது அல்ல. ஊரைச் சுற்றி மதில் கிடையாது. பக்கத்து வீட்டில் சாவு விழுந்த பிறகும் அங்கேயே இருக்க, விடியும்தோறும் புதிதாக மனம் இணங்க வேண்டியிருந்தது. கொள்ளைநோய் கடவுளின் தண்டனை என்று நம்பிய காலம் அது. அவன் விட்ட வழி என்று கைவிரிக்கவும் அந்த நம்பிக்கை இடம் தரும். ஈம் மக்கள் அப்படிச் செய்யவில்லை. தங்களுக்கு வந்த சாவு அடுத்த ஊருக்குப் போகக் கூடாது என்று நினைத்தார்கள். அவர்களுடைய விசுவாசத்தில் மிக உயர்ந்தது இதுவே. பிள்ளைகளுக்காக மற்றவர்கள் எடுத்த முடிவின் பாரம் இதனால் குறைந்துவிடாது. பலி உண்மையானது, அதன் சுமை எல்லோர் மேலும் சமமாக விழவில்லை.

1666 நவம்பரில் நோய் ஓய்ந்தது. இப்போதும் ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று, கக்லெட் டெல்ஃபில் திறந்தவெளியில் நினைவு ஆராதனை நடக்கிறது.